மண்டிச் சீட்டின் பின்பக்கம்

மேட்டுப்பாளையம் பாசஞ்சரில் எப்படியாவது ஜன்னலோரம் பிடித்துவிடும் உங்களுக்கு,

இன்று சனிக்கிழமை. மதியம் பன்னிரண்டு மணிக்கு நம் பழைய சர்வரைக் கழற்றினோம். மூன்றாவது டிஸ்க் தட்டை வெளியே இழுத்தபோது, அதனடியில் நான்காக மடித்துச் செருகியிருந்த ஒரு காகிதம் தரையில் விழுந்தது. இளஞ்சிவப்புக் காகிதம். எடுத்து விரித்தேன். ஒரு பக்கம் உங்கள் அப்பா வேலை பார்த்த உருளைக்கிழங்கு மண்டியின் மூட்டைச் சீட்டு. லாரி எண்ணுக்கு ஒரு கோடு, மூட்டைக்கு ஒரு கட்டம், எல்லாம் காலி. மறுபக்கம் உங்கள் கையெழுத்தில் ஒரு கணக்கு. எட்டு வருஷம் கழித்தும் மை அப்படியே இருந்தது.

அதை அங்கே செருகியவள் நான்தான். பார்த்த மாத்திரத்தில் ஞாபகம் வந்துவிட்டது. அந்தத் தட்டு சரியாக உட்காராமல் கடகடவென்று ஆடிக்கொண்டிருந்தது. கையில் இருந்த காகிதத்தை மடித்து அடியில் வைத்து அழுத்தினேன், சத்தம் நின்றது. கையில் இருந்தது எது என்று அப்போது நான் யோசிக்கவில்லை. யோசிக்கவில்லை என்றுதான் இத்தனை வருஷமாக எனக்கு நானே சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

என்னைப் பற்றித்தான் உங்களுக்குத் தெரியுமே. கதவைப் பூட்டினேனா இல்லையா என்று கணபதி ஸ்டாப்பில் பஸ் ஏறிய பிறகும் அடுத்த நிறுத்தத்தில் இறங்கி வீட்டுக்குத் திரும்பிப் போகிறவள் நான். கேஸை மூடினோமா, இஸ்திரிப் பெட்டியை அணைத்தோமா என்று ஒவ்வொன்றையும் இரண்டு தடவை தொட்டுப் பார்த்தால்தான் எனக்கு மூச்சு சீராகும். அப்படிப்பட்டவளிடம் இன்று மறுபடியும் அதே வேலை வந்து சேர்ந்தது. புது சர்வர். புது டிஸ்க். திங்கள்கிழமை காலை ஸ்கேனர் ஓடத் தொடங்கிவிடும். கொண்டுவந்து பூட்டிய இன்ஜினியர் இரண்டரை மணிக்கு ஈரோட்டுக்குக் கிளம்ப வேண்டும். அதற்குள் நான் ஒரு எண்ணைச் சொல்லவேண்டும். ஒருமுறை போட்டுவிட்டால் அப்புறம் மாற்றவே முடியாத எண். போன தடவை அந்த எண்ணை நான் தப்பாகப் போட்டு, ஒரு மனிதர் உடம்பில் இரண்டாம் தடவை ஊசி ஏறியது. உங்கள் நாற்காலி பக்கத்தில் காலியாக இருந்தது. எனக்குக் கை வரவில்லை.

நம் வேலை என்னவென்று நம் வீட்டாருக்கே கடைசிவரை புரிந்ததில்லை. ஆஸ்பத்திரிகளிலிருந்து நம் பரிசோதனைக் கூடத்துக்குத் திசுத் துண்டுகள் வரும். அவற்றை மெல்லிசாகச் சீவி, சாயமேற்றி, ஸ்லைடு என்கிற கண்ணாடிச் சில்லில் ஒட்டி, ஸ்கேனரில் படமெடுப்பார்கள். டாக்டர்கள் அந்தப் படத்தைத் திரையில் பார்த்து, கட்டி நல்லதா கெட்டதா என்று சொல்வார்கள். அந்தப் படங்கள் காணாமல் போகாமல் பார்த்துக்கொள்வது நீங்களும் நானும். ஒரே வாரத்தில் வேலைக்குச் சேர்ந்த இரண்டு பெண்கள் நாம். ஒரே மேஜையை இரண்டாகப் பிரித்துக்கொண்டோம். பதினோரு வருஷம் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்தும் ஒரு நாள் கூட நாம் வா, போ என்று பேசிக்கொண்டதில்லை. நான் கோபமாக இருக்கும்போது நீங்கள் ‘அம்மணி’ என்பீர்கள். அவ்வளவுதான் உரிமை.

முதல் சர்வர் வந்த நாளும் இதே மாதிரி ஒரு மதியம்தான். டிஸ்க்கை ஃபார்மட் செய்வதற்கு முன்னால் இரண்டு விஷயங்களை முடிவு செய்யவேண்டும், பிளாக் எவ்வளவு பெரிது, ஐநோடு எத்தனை என்று. நம் பெரிய டாக்டரம்மா வாசலில் வந்து நின்று, அதென்னங்க அது என்று கேட்டார். நான் புத்தகத்தில் இருக்கிற மாதிரி ஆரம்பித்தேன். பாவம், அவர் முகம் போன போக்கைப் பார்த்து நீங்கள் இடையில் புகுந்தீர்கள்.

“ஒண்ணுமில்லீங்க டாக்டர். டிஸ்க்கு ஒரு குடோனுங்க. பிளாக்குங்கறது மூட்டை. மூட்டை பெருசா இருந்தா, ஒரு கை கெழங்கு வந்தாலும் முழு மூட்டையோட எடத்தைப் புடிச்சுக்கும். ஐநோடுங்கறது மூட்டைச் சீட்டுங்க. சீட்டு எழுதாம ஒரு சரக்கும் உள்ள வராது. அது பெரிய லோடோ சின்ன லோடோ, ஒரு லோடுக்கு ஒரு சீட்டு.”

“சீட்டுத் தீந்துபோனா அடிச்சுக்கறது” என்றார் டாக்டரம்மா.

“அதுதாங்க முடியாது. குடோன் திறக்கற அன்னிக்கே மொத்தச் சீட்டையும் அடிச்சு முடிச்சிரோணும். அப்புறம் ஒண்ணு கூட அடிக்க முடியாது.”

வேறு வகை ஏற்பாடுகளில் சீட்டு தேவைக்குத் தகுந்த மாதிரி தானே முளைக்கும். ஆனால் நம் ஸ்கேனர்காரர்கள் இந்த ஒரு வகையைத் தவிர வேறெதையும் ஏற்கமாட்டார்கள். நீங்கள் அதைப் பற்றிப் பேசும்போதெல்லாம் சொந்தக்காரர் வீட்டில் போர்வெல்லில் தண்ணீர் வந்ததைச் சொல்வதுபோல் பெருமூச்சு விடுவீர்கள்.

டாக்டரம்மா போனபிறகு என்னிடம் ஒரு கதை சொன்னீர்கள். உங்கள் அப்பா மண்டியில் இருந்தபோது ஒரு தீபாவளிக்கு முந்தின வாரம் சீட்டுப் புத்தகம் தீர்ந்துவிட்டது. அச்சாபீஸ்காரர் பூட்டிவிட்டு ஊருக்குப் போய்விட்டார். குடோன் பாதி காலி. வெளியே ஊட்டியிலிருந்து இறங்கி வந்த லாரிகள் வரிசையாக நிற்கின்றன. முதலாளி சீட்டில்லாமல் ஒரு மூட்டை இறக்கக்கூடாது என்கிறார். மழை வேறு. “எடம் இருக்குது, ஆனா இல்லைன்னு எங்கப்பா ஒவ்வொரு டிரைவர்கிட்டயும் போய்ச் சொன்னாருங்க. ஒருத்தரும் நம்பலை” என்றீர்கள். அந்த வருஷத்திலிருந்து உங்கள் அப்பா வீட்டில் எப்போதும் ஒரு கட்டுச் சீட்டு உபரியாக வைத்திருந்தார். அவர் ஓய்வு பெற்றபின் அந்தக் கட்டுகள் உங்கள் பைக்கு வந்துசேர்ந்தன. நம் மேஜையில் குறிப்பெழுதும் தாளெல்லாம் மூட்டைச் சீட்டின் பின்பக்கம்தான்.

அன்று அப்படி ஒரு தாளில் கணக்குப் போட்டு என்னிடம் நீட்டினீர்கள். இன்று விழுந்தது அதுதான். மேல் வரியில், ‘இப்போ: ஒரு ஸ்லைடு, ஒரு கோப்பு’. அடுத்த வரியில், ‘நாளைக்கு வெட்டினா?’ அதற்குக் கீழே பதினாறு என்று எழுதி இரண்டு கோடு. பதினாறு கேபி இடத்துக்கு ஒரு சீட்டு என்று அர்த்தம். எதுவும் சொல்லாமல் விட்டால் கணினியே எடுத்துக்கொள்ளும் சாதாரண அளவும் அதுதான்.

“ஸ்கேனர்காரன் நாளைக்கு சாப்ட்வேரை மாத்துனா, ஒவ்வொரு படத்தையும் துண்டு துண்டா வெட்டி வெப்பானுங்க. எதுக்கும் கொஞ்சம் தாராளமாப் போட்டுக்கலாம்” என்றீர்கள். சொல்லிவிட்டு, மூன்றரை மணிக்கு அப்பாவைக் கண் டாக்டரிடம் கூட்டிப்போகவேண்டும் என்று கிளம்பிவிட்டீர்கள்.

நான் கணக்குப் பார்த்தேன். அத்தனை சீட்டு அடித்தால் சீட்டுக்கே நூறு ஜிபிக்கு மேல் போய்விடும். காலி டிஸ்க்கில் நூறு ஜிபி குறைந்து தெரிவதைப் பார்க்க எனக்கு மனசு வரவில்லை. நம் படங்கள் எல்லாம் பெரிய கோப்புகள். பெரிய கோப்புகளுக்கென்றே ஒரு தேர்வு இருக்கிறது, ஒரு எம்பிக்கு ஒரு சீட்டுதான் அடிக்கும். அதைப் போட்டேன். என்டர் தட்டினேன். எதையும் இரண்டு தடவை தொட்டுப் பார்ப்பவள் அதை மட்டும் ஒரே தடவையில் தட்டினேன். மறுநாள் நீங்கள் வந்து, “முடிஞ்சுதுங்களா?” என்று கேட்டீர்கள். “செஞ்சுபோட்டேனுங்க” என்றேன். நீங்கள் சொன்னபடி செய்தேன் என்று சொல்லவில்லை. செய்யவில்லை என்றும் சொல்லவில்லை.

மூன்று வருஷம் ஒன்றும் ஆகவில்லை. பிறகு ஸ்கேனர்காரர்கள் சாப்ட்வேரை மாற்றினார்கள். நீங்கள் பயந்த மாதிரியே ஒரு ஸ்லைடு பத்தாயிரம் துண்டாகி உள்ளே வர ஆரம்பித்தது. அடுத்த வாரமே உங்கள் அப்பாவுக்கு நெஞ்சு அடைத்து, ஆஸ்பத்திரியில் சேர்த்து, நீங்கள் லீவில் போனீர்கள். நீங்கள் இல்லாத நாலாவது வாரம், ஒரு வியாழக்கிழமை காலை பதினொரு மணிக்கு, ஸ்கேனர் பக்கத்திலிருந்து சாந்தி கூப்பிட்டாள். கண்ணாடிச் சில்லுகளை ஏற்றி இறக்கும் அவளுக்கு நம் எல்லோரையும்விட மெஷினின் குணம் தெரியும்.

“ஏனுங்க, எடம் இல்லைங்குதுங்க.”

பார்த்தேன். டிஸ்க்கில் பாதிக்கு மேல் காலி. மறுபடி எழுதச் சொன்னேன். இடம் இல்லை என்றது. அடுத்த நாள் காலை ஆபரேஷன் வைத்திருந்த மூன்று பேரின் ஸ்லைடுகள் வரிசையில் இருந்தன. டாக்டரம்மா இரண்டு தடவை போன் செய்துவிட்டார். இடம் இல்லை என்கிறதே, இடம் பண்ணிக் கொடுப்போம் என்று பழைய பெரிய படங்களை அழிக்க ஆரம்பித்தேன். ஒன்று. இருபது. நூறு. காலியிடம் ஏறிக்கொண்டே போனது. அது இடம் இல்லை என்று சொல்லிக்கொண்டே இருந்தது. பெரிய லோடு ஒன்றை வெளியே தள்ளினால் ஒரே ஒரு சீட்டுதானே மிச்சமாகும். அந்தப் புத்தி எனக்கு அப்போது வரவில்லை. உங்கள் அப்பாவின் லாரிக் கதையைச் சிரித்துக்கொண்டே கேட்டவள், அந்த மழையில் நானே நிற்கிறேன் என்று தெரியாமல் அழித்துக்கொண்டிருந்தேன்.

உங்களுக்குப் போன் செய்தேன். “வாரேனுங்க, எதையும் தொடாம இருங்க” என்றீர்கள். தொட்டு முடித்திருந்தேன். ஒன்றரை மணி நேரத்தில் பஸ் பிடித்து வந்து சேர்ந்தீர்கள். ஆஸ்பத்திரி வாசனை உங்கள் சேலையில் இருந்தது. ஒரே ஒரு கட்டளை கொடுத்தீர்கள். சீட்டு நூற்றுக்கு நூறு தீர்ந்திருந்தது. துண்டுகளையெல்லாம் ஸ்லைடுக்கு ஒரு கட்டாகக் கட்டி வைக்கும் ஒரு சின்ன நிரலை எழுதி ஓடவிட்டீர்கள். அரை மணியில் ஸ்கேனர் ஓடியது. மூன்று பேரின் ஆபரேஷனும் தள்ளிப்போகாமல் தப்பித்தது.

ஆனால் நான் அழித்தவற்றில் மதுக்கரைக்காரர் ஒருவரின் படம் இருந்தது. சைக்கிள் கடை வைத்திருந்தவர், கழுத்தில் கட்டி. இரண்டு வருஷத்துக்கு முந்தின படத்தையும் இப்போதையதையும் ஒப்பிட்டுப் பார்க்க டாக்டரம்மா கேட்டார். நம்மிடம் இருந்த காப்பு நகலில் கடைசி ஒரு வருஷத்துப் படங்கள்தான் இருந்தன. கண்ணாடிச் சில்லை அவரே வாங்கிப் போய், வீடு மாறும்போது தொலைத்துவிட்டிருந்தார். புதிய துண்டு மட்டும் போதவில்லை, மறுபடியும் ஊசி குத்தித் திசு எடுக்கவேண்டும் என்று முடிவானது.

அதை அவரிடம் யார் சொல்வது என்ற கேள்வி வந்தது. நான் கீழே பார்த்தேன். நீங்கள் எழுந்து போனீர்கள். கண்ணாடிக் கதவுக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் மஞ்சள் பையை மடியில் வைத்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். நீங்கள் நிற்காமல் பக்கத்தில் உட்கார்ந்தீர்கள்.

“மறுக்கா குத்தோணுங்களா அம்மணி?”

“ஆமாங்க ஐயா. உங்க பழைய படம் எங்ககிட்ட இருந்துச்சு, அழிஞ்சுபோயிருச்சுங்க. எங்க தப்புங்க.”

அவர் கொஞ்ச நேரம் கழுத்தைத் தடவிக்கொண்டிருந்தார். “செரிங்க. உங்களுக்கும் ஆயிரம் வேலை இருக்கும்” என்றார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். பன்னிரண்டு நாள் கழித்து முடிவு வந்தது, பயப்படும்படி ஒன்றுமில்லை. அந்தப் பன்னிரண்டு நாளும் எனக்குச் சோறு இறங்கவில்லை. அவருக்கு எப்படி இறங்கியிருக்கும் என்று இன்றுவரை நினைக்கிறேன்.

அடுத்த வாரக் கூட்டத்தில் டாக்டரம்மா நேராகவே கேட்டார், அந்த டிஸ்க்கை அப்படிப் போட்டது யார் என்று. “நாங்க ரெண்டு பேருந்தானுங்க” என்றீர்கள். நான் வாயைத் திறக்கவில்லை. வெளியே வந்தபிறகு நன்றி சொல்லக் கூட எனக்கு வாய் வரவில்லை, சொன்னால் ஒத்துக்கொண்டதாகிவிடுமே. நீங்கள் காபி வாங்கப் போனீர்கள். எனக்குச் சர்க்கரை குறைவாகவே வாங்கி வந்தீர்கள். அதற்குப் பிறகு அதைப் பற்றி நாம் பேசியதே இல்லை. என் தப்பு என்று நான் சொல்லவேண்டும், நாளைக்குச் சொல்லலாம் என்று தள்ளித் தள்ளி நாலு வருஷம் போனது. போன ஆனியில் மூன்றே நாள் காய்ச்சலில் நீங்கள் போய்விட்டீர்கள். உங்கள் வீட்டு முற்றத்தில் அத்தனை பேர் நடுவில் நின்றுகொண்டு, இனி யாரிடம் சொல்வது என்றுதான் முதலில் தோன்றியது. அழுகை அதற்குப் பிறகுதான் வந்தது. அதை நினைத்தால் எனக்கு இன்னும் கூச்சமாக இருக்கிறது.

இன்றைக்கு வருகிறேன். பழைய சர்வரைக் கழற்றுவதற்கு முன்னால் அதில் உங்கள் பயனர் கணக்கில் இருந்த கோப்புகளையெல்லாம் காலையில் நகலெடுத்து வைத்திருந்தேன். சீட்டைப் பார்த்தபிறகு மனசு கேட்கவில்லை, அவற்றைத் திறந்தேன். நீங்கள் அந்த சர்வரில் கொடுத்த கட்டளைகள் தேதியோடு வரிசையாக இருந்தன. நான் ஃபார்மட் செய்த மறுநாள், நீங்கள் என்னிடம் “முடிஞ்சுதுங்களா?” என்று கேட்ட அன்று காலை பத்தேகாலுக்கு, முதல் வரியே டிஸ்க்கின் சீட்டு எண்ணிக்கையைக் காட்டச் சொல்லும் கட்டளை.

முதல் நாளே பார்த்துவிட்டீர்கள். நான் என்ன போட்டேன் என்று தெரிந்துகொண்டுதான் என்னிடம் கேட்டீர்கள்.

அன்று டிஸ்க்கில் இருந்தது பத்துப் பதினைந்து படம். அழித்துவிட்டு மறுபடி போட அரை மணி நேரம் போதும். நீங்கள் அதற்குப் பதிலாக வேறொன்று செய்திருக்கிறீர்கள். தினமும் காலை சீட்டு எத்தனை மிச்சம் என்று எண்ணி, குறைந்தால் எச்சரிக்கை மெயில் அனுப்பும் ஒரு சின்ன நிரல். மெயில் போகும் இடத்தில் உங்கள் பெயர் மட்டும். அதற்கு மேலே, ஆங்கில எழுத்தில் தமிழாக, நீங்கள் உங்களுக்கே எழுதிக்கொண்ட ஒரு குறிப்பு. ‘அவங்களுக்கு வேண்டாம். சங்கடப்படுவாங்க.’

நான் அதை எத்தனை தடவை படித்தேன் என்று தெரியாது. முதலில் நெஞ்சு இளகியது. அப்புறம் கோபம் வந்தது, உங்கள் மேல். இறந்துபோனவர் மேல் இப்படிக் கோபம் வரும் என்று எனக்குத் தெரியாது. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே. ஏனுங்க, தப்பாப் போட்டிருக்கீங்க, மாத்துங்க என்று. நான் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு ஒரு நாள் பேசாமல் இருந்திருப்பேன். அந்த ஒரு நாளுக்குப் பயந்து மூன்று வருஷம் தனியாகக் காவல் இருந்தீர்கள். அந்த மூன்று வாரம் உங்கள் அப்பா பக்கத்தில் நீங்கள் உட்கார்ந்திருந்தபோது எச்சரிக்கை நாள் தவறாமல் போயிருக்கிறது, யாரும் திறக்காத ஒரு பெட்டிக்கு. ‘நாங்க ரெண்டு பேருந்தான்’ என்று நீங்கள் சொன்னது என்னைக் காப்பாற்ற என்றுதான் நினைத்திருந்தேன். நீங்கள் உள்ளதைத்தான் சொல்லியிருக்கிறீர்கள். சொல்லாமல் விட்டவர் நீங்கள், செய்து மறைத்தவள் நான். இரண்டு பேரும் அவ்வளவு மரியாதையாக நடந்துகொண்டோம், மதுக்கரைக்காரர் கழுத்தில் ஊசி ஏறியது.

“மேடம், டீபால்ட்டே போட்டுறலாங்களா? எல்லா எடத்துலயும் அதுதானுங்க போடறோம்” என்றார் இன்ஜினியர். அவருக்குப் பசி. மணி ஒன்றரை.

அவர் சொல்லும் அளவு பதினாறு. உங்கள் சீட்டில் இருக்கும் அளவும் பதினாறு. இதைவிட என்ன வேண்டும்? அன்று நான் கேட்காத பேச்சை இன்றாவது கேட்டுவிடுவோம் என்று நினைத்தேன். கட்டளையைத் தட்டச்சு செய்தேன். விரலை என்டர்மேல் வைத்தேன். உங்களுக்குச் செய்யும் கடன் மாதிரி இருந்தது. ஆனால் தட்டவில்லை. வழக்கமான பயம்தான், பூட்டைத் திரும்பிப் போய்ப் பார்க்கும் பயம். இந்தத் தடவை அதன் பேச்சைக் கேட்டேன். விரலை எடுத்துவிட்டு ஸ்கேனர் அறைக்குப் போனேன்.

சாந்தி சோற்றுப் பாத்திரத்தைத் திறந்து வைத்திருந்தாள். அவளிடம் உங்கள் சீட்டைக் காட்டினேன். “இந்த எண்ணைத்தான் போடப்போறேன். தப்புன்னா தப்புன்னு சொல்லுங்க. என்ற மூஞ்சியைப் பாக்க வேண்டாம்” என்றேன். இப்படி நான் யாரிடமும் கேட்டதில்லை. அவள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள்.

“எனக்கு இந்தக் கணக்கெல்லாம் தெரியாதுங்க. ஆனா திங்கக்கெழமை வாரது புது மிஷினுங்களே. அது துண்டை இன்னும் பொடுசா வெட்டுதுங்க. போன மாசம் சாம்பிளுக்கு ஓட்டிக் காட்டுனாங்கல்ல, அது என்ற கம்ப்யூட்டர்லதான் கெடக்குது.”

“ஏன் எங்கிட்டச் சொல்லலீங்க?”

“நீங்க கேக்கலீங்களே. நம்மளாப் போய்ச் சொன்னா நல்லா இருக்குமுங்களா?”

அவள் அப்படிச் சொன்னபோது எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. ஊரே இப்படித்தான் இருக்கிறது.

சாம்பிளைத் திறந்து எண்ணினேன். பழைய துண்டுகள் இருபது கேபி இருக்கும். அவற்றுக்கு உங்கள் பதினாறு கச்சிதமாகப் பொருந்தியிருக்கும். புதியவை பெரும்பாலும் நாலு, ஐந்து கேபி. நாலு கேபி பிளாக்கில் ஒவ்வொன்றும் ஒரு மூட்டை, மிஞ்சினால் இரண்டு. பதினாறுக்கு ஒரு சீட்டு என்று போட்டிருந்தால், குடோன் பாதி நிறைவதற்குள் சீட்டு தீர்ந்துபோயிருக்கும். பாதி காலி டிஸ்க், இடம் இல்லை என்று ஒரு செய்தி, பெஞ்சில் யாரோ ஒருவர். உங்கள் எண்ணும் தப்பாகத்தான் போயிருக்கும். இதை உங்களிடம் முகத்துக்கு நேராகச் சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். அன்றைக்கு உங்கள் பேச்சைக் கேட்காதது தப்பு. இன்றைக்கு அதை அப்படியே கேட்டிருந்தாலும் தப்பு.

பிளாக்கை நாலு கேபியிலேயே விட்டேன். சீட்டை நாலு கேபிக்கு ஒன்று என்று போட்டேன். டிஸ்க்கில் பதினாறில் ஒரு பங்கு சீட்டுக்கே போய்விட்டது. இன்ஜினியர் நெற்றியைச் சுருக்கினார். “ரொம்ப வேஸ்ட்டுங்க மேடம்” என்றார். “சொன்னதுக்கு நன்றிங்க, இருக்கட்டும்” என்றேன். என்டர் தட்டினேன். ஃபார்மட் முடிந்ததும் சீட்டு எண்ணிக்கையைக் காட்டச் சொல்லிப் பார்த்தேன். பிறகு இன்னொரு தடவை பார்த்தேன். அவர் ஈரோட்டு பஸ்ஸுக்குக் கிளம்பினார்.

மூன்று மணிக்கு டாக்டரம்மாவின் அறைக்குப் போனேன். அந்த டிஸ்க்கை அப்படிப் போட்டது நான் ஒருத்திதான், வேறு மாதிரி போடச் சொல்லி நீங்கள் எழுதிக் கொடுத்த தாளை நான்தான் மடித்துச் செருகினேன் என்று சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். “இத்தனை வருசம் கழிச்சு ஏனுங்க?” என்றார். “சொல்லோணும்னு இருந்துச்சுங்க” என்றேன். அவர் கண்ணாடியை எடுத்து மறுபடி மாட்டிக்கொண்டார். பிறகு, “அன்னிக்கே சொல்லியிருக்கோணும்” என்றார். ஆமாம் என்றேன். அது வலித்தது. வலித்துவிட்டு, நான் நினைத்த அளவுக்கு இல்லாமல் அடங்கியது.

இப்போது மணி ஐந்து. கழற்றிய பழைய டிஸ்க்குகளைப் புது சர்வரோடு இணைத்திருக்கிறேன், படங்கள் புதியதற்குப் போய்க்கொண்டிருக்கின்றன. மதுக்கரைக்காரரின் இரண்டாவது படமும் அதில் போகிறது. எண்ணிக்கை மெதுவாக ஏறுவதைப் பார்த்துக்கொண்டே இதை எழுதுகிறேன். எண் போதுமா என்று இன்னும் பயமாகத்தான் இருக்கிறது. ஐந்து வருஷம் கழித்து எவன் எதை எப்படி வெட்டுவானோ. அந்தப் பயம் எனக்குப் போகப்போவதில்லை. ஆனால் நான் பயப்படும் விஷயம் இனி என்னிடம் மட்டும் இருக்காது.

உங்கள் சின்ன நிரலைப் புது சர்வரில் ஏற்றிவிட்டேன். இரண்டு வரியைத்தான் மாற்றினேன். தினமும் காலை மிச்சச் சீட்டின் எண்ணிக்கை டாக்டரம்மாவுக்கும் சாந்திக்கும் எனக்கும் போகும், குறைந்தாலும் குறையாவிட்டாலும். உங்கள் குறிப்பை அழிக்க மனசு வரவில்லை, அது இருந்த இடத்திலேயே இருக்கிறது. அதற்குக் கீழே, அதே போல ஆங்கில எழுத்தில் தமிழாக, நான் ஒரு வரி சேர்த்திருக்கிறேன். ‘எல்லாருக்கும் அனுப்பு. சங்கடப்பட்டாப் பரவாயில்லை.’